ஆலைப் பிரதேசத்துக்கு ஒரு புகைப்பட வகுப்பு

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கற்காலக் கருவிகளும் பழைய பானையோடுகளும் வெளிப்பட்டன என்பதைப் பத்திரிகை படிப்போர் அறிவார்கள். அகழ்வுக் குழியில் ஒரு பொருள் தென்பட்டவுடன் அதை யாரும் கையில் எடுத்துவிடுவதில்லை. கிடந்த இடத்திலேயே, அருகில் அளவுகோலும் திசை காட்டும் குறியும் வைத்துப் படம் பிடித்த பின்னரே அதைப் பெயர்க்கிறார்கள். ஏனெனில் பெயர்த்துவிட்ட பிறகு அது கிடந்த நிலையை மறுபடி உண்டாக்க எவராலும் ஆகாது. மண்ணுக்குள் மறைந்த ஊருக்கு இத்தனை சிரத்தை காட்டுகிற நாம், மண்ணுக்கு மேலே நம் காலத்திலேயே உருமாறிவரும் ஊரை, அதன் ஏரிக்கரைகளையும் களங்களையும், வயலாயிருந்து மதிற்சுவராகிவிட்ட நிலங்களையும் முறையாகப் படமெடுத்து வைக்க ஒரு ஏற்பாடும் செய்யவில்லை.

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிய இந்த வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. ஒரகடத்துப் பெரிய கார் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரத்துப் பக்கத்திலோ இன்று உலகெங்கும் விலைபோகும் செல்போன்கள், அவற்றின் காமிராக்களோடு சேர்த்து, பெரும்பாலும் இளம்பெண்களின் கைகளால் பூட்டப்படுகின்றன. இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தைப் பதிவு செய்யத் தகுதியுடையவர்கள் இங்கே வேலை செய்பவர்களும் இங்கே பிறந்தவர்களுமே என்பதும், அவர்களுக்குப் புகைப்படக் கலையின் அடிப்படைகளைக் கற்பிக்கும் பகுதிநேர வகுப்பு ஒன்று இங்கேயே நடக்க வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

எல்லோர் கையிலும் செல்போன் இருக்கையில் வகுப்பு எதற்கு என்று கேட்பார்கள். செல்போன் படமெடுக்கும்போது தீர்மானங்களைப் பெரும்பாலும் தானே செய்துகொள்கிறது. இருட்டில் பல படங்களைக் கணத்தில் எடுத்து ஒன்றாக இணைத்து, கண் கண்டதைவிட வெளிச்சமான இரவை நமக்குத் தருகிறது. அது பெரிய வசதிதான். ஆனால் நடுப்பகலில் வெள்ளைச் சட்டை அணிந்து நிற்பவரின் கறுத்த முகம் ஏன் இருண்டுபோகிறது, அதை எப்படி மீட்பது என்று அறிய வேண்டுமானால், ஒளி நுழையும் துவாரமான அபெர்ச்சர், அது திறந்திருக்கும் காலமான ஷட்டர், சென்ஸார் காட்டும் உணர்வை அளக்கும் ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றின் பரஸ்பர சம்பந்தத்தைப் பயின்றே தீரவேண்டும். நல்ல வெயிலில் அபெர்ச்சர் 16, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 வினாடி என்ற பழைய விதி டிஜிட்டல் காமிராவிலும் அப்படியே செல்லுபடியாகும். அபெர்ச்சரை 16-லிருந்து 11-க்குத் திறந்தால் ஒளி இரட்டிக்கும். உடனே ஷட்டரின் காலத்தைப் பாதியாக்க வேண்டும். லேத்தில் வேகத்தையும் ஃபீடையும் வெட்டின் ஆழத்தையும் ஒன்றுக்கொன்று அனுசரித்து வைக்கத் தெரிந்த ஐ.டி.ஐ. பையனுக்கு இந்தக் கணக்கு ஒரே மாலையில் விளங்கிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கணக்கு விளங்குவது வேறு, கண் பழகுவது வேறு. அதனால்தான் பகுதிநேர வகுப்பை முழுநேர வகுப்புக்கு மாற்றாகச் சொல்லாமல், அதனினும் மேலானதென்றே சொல்கிறேன். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் புகைப்படமும் வீடியோவும் சேர்ந்த 30 நாள் பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு அது மிகவும் பிரயோஜனமானது. ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு முப்பது நாள் போய் உட்காரக் கூடியவர் யார்? அன்றியும், ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவிலுள்ள ஒரு வாரத்தில்தான், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் விடியற்காலையிலும், இரவு ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் வழியிலும், கற்றதை அப்பியாசம் செய்து பார்க்க அவகாசம் கிடைக்கிறது. வாரந்தோறும் ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு 'ஞாயிறு காலை பத்து மணி' என்ற நிரந்தர நேரம் உதவாது. ஆகவே ஒரே பாடத்தை அந்த வாரத்திலேயே ஒரு காலையிலும் ஒரு மாலையிலும் இருமுறை நடத்த வேண்டும்.

சென்னை ராஜதானியில் இக்கலை வெகுகாலத்துக்கு முன்பே வேரூன்றியது. 1850-இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் அங்கே புகைப்படமும் கற்பிக்கச் செய்தார். 1857-இல் சென்னைப் புகைப்படச் சங்கம் தோன்றியது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, அரசாங்கப் புகைப்படக்காரராக 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். அத்தகைய பணியையும், அதிகச் செலவு என்று கருதி, கவர்னர் டிரெவெலியன் நிறுத்திவிட்டார். அன்று கண்ணாடித் தகட்டுக்கும் ரசாயனத்துக்கும் ஆன செலவு இன்று இல்லை. ஆயிரமாவது படத்துக்கும் முதல் படத்துக்கு மேல் காசு பிடிப்பதில்லை. செலவு என்ற ஆட்சேபம் இனி நிற்காது.

படத்துக்கு உள்ள பலத்தை இந்த வட்டாரம் ஒரு பயங்கரமான இரவில் அறிந்திருக்கிறது. 1991 மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டபோது உடன் மாண்ட ஓர் இளம் புகைப்படக்காரரின் காமிரா பழுதுறாமல் கிடைத்தது. அதிலிருந்த பிலிம் புலனாய்வுக்கு முதன்மையான சான்றாயிற்று. அவ்வளவு கனமான சாதனத்தைக் கையாள்வோருக்கு அதன் தர்மத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் பெண்களை அவர்கள் சம்மதமின்றிப் படமெடுப்பது பிழை என்பது அபெர்ச்சருக்கு முந்திய பாடமாக இருக்கட்டும்; அந்தப் பெண்களே வகுப்பில் சேர்ந்து தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுப்பார்களானால் அதைவிடச் சிறந்த பதிவு வேறில்லை.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தில் மிகச் சிறு பகுதியைக் கொண்டு நான்கைந்து பழைய காமிராக்களும் ஒரு கணினியும் வாங்கி, வடக்குப்பட்டுப் பள்ளிக்கூடத்தின் ஓர் அறையைப் பள்ளி நேரத்துக்குப் புறம்பே பயன்படுத்த அனுமதி பெற்றால் வகுப்பைத் தொடங்கிவிடலாம். மாணவர் எடுக்கும் படங்களைத் தேதியும் இடமும் எழுதி ஊராட்சி நூலகத்தில் சேமித்து வைக்கும் பொறுப்பை ஊரார் ஏற்க வேண்டும்.