ஏடும் காட்சியும்

கணினியில் தமிழ்த் தட்டச்சுப் பயில விழையும் மாணவர் இன்று நாடுவது காணொளியையே. அச்சிட்ட கையேட்டை அன்று. இதனைச் சோம்பல் எனப் பழிக்கும் பெரியோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. விரல் எவ்விசையில் அமர வேண்டும், எவ்வாறு பெயர வேண்டும் என்பதைப் பல பக்கம் எழுதினும் விளங்காதவர்க்கு அரை நிமிடக் காட்சி விளக்கிவிடும். திருக்குர்ஆன் ஓதக் கற்போர் எழுத்துப் பிறக்கும் இடத்தை உஸ்தாதின் வாயசைவைக் கண்டும் கேட்டுமன்றோ அறிகின்றனர்?

ஆயினும் தட்டச்சு விரலோடு முடிவதன்று. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு அறிவித்த 'தமிழ்99' விசைப்பலகையை நோக்குவோம். அதில் மகரத்தை இருமுறை தட்டினால் முன்னது தானே புள்ளி பெறும். ஙகரத்தை அடுத்துக் ககரமும், ஞகரத்தை அடுத்துச் சகரமும் வரினும் அவ்வாறே. மெய்ம்மயக்கம் பயின்ற நம் மாணவர்க்கு இது புதிதன்று. 'அம்மா' என்று தட்டக் கண்டு பழகியவர் 'மமதை' என்று தட்ட முயன்றால் திரையில் 'ம்மதை' தோன்றும், அவர் திகைப்பார். விதியைப் படித்தவரோ முதல் மகரத்தின் பின் அகர விசையைத் தட்டிப் புள்ளியைத் தடுப்பார். காட்சி ஒரு செயலைக் காட்டுகிறது. அச்செயலின் விதியை எழுத்தே நிறுத்திச் சொல்கிறது. ஐயம் எழுந்த வரியை உடனே புரட்டிக் காணும் வசதியும் ஏட்டுக்கே உரியது.

கைவினையை எழுத்தால் கற்பிக்க இயலுமோ என்பார்க்கு அல் ஜஸரீயே விடை. அர்துக்கிய மன்னரின் அவைப் பொறியாளரான அவர், 1206இல் எந்திரங்களைப் பற்றிய அரபு நூலை முடித்தார். உறுப்புகளின் அளவையும் செய்முறையையும் படங்களோடு அதில் விளக்கினார். 1974இல் டொனால்டு ஹில் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1976இல் அவருடைய நீர்க்கடிகாரம் ஒன்று அந்நூலின் துணைகொண்டு இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் மீண்டும் செய்யப்பெற்றது. இடையே கழிந்தவை 770 ஆண்டுகள்!

அத்தகைய உரைநடை இன்று தமிழில் எங்கே? குளிர்பதனப் பெட்டியைப் பழுதுபார்க்கவும் கணக்குப்பதிவு மென்பொருளை இயக்கவும் தமிழ் பேசும் காணொளிகள் மலிந்துள்ளன. தமிழில் எழுதிய தெளிவான கையேடுகள் அரியன. ஆங்கில ஏட்டின்முன் தயங்கும் மாணவர் தம் மொழி கேட்கும் இடத்திற்குச் செல்கிறார். அவர் ஏட்டை வெறுத்தார் என்பது பொருந்தாது.

ஆதலின் நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் இறுதியாண்டில் ஒரு தொழிலின் செய்முறையைத் தமிழில் எழுதித் தருதல் வேண்டும் என்பது நம் கருத்து. பழைய கட்டுரைகளைப் பெயர்த்தெழுதும் ஒப்படைப்புகளுள் ஒன்றைக் குறைத்தால் இதற்கு நேரம் கிட்டும். மதிப்பெண் இடுவதும் எளிதே. அத்தொழில் அறியாத ஒருவரிடம் அவ்வேட்டைக் கொடுத்து, அதன்படி செய்யச் சொல்லலாம். அவர் இடறும் வரியை எழுதியவரே திருத்தித் தரட்டும்.