பூனைக்கு வந்த பழி

நாயானது தன்னை வளர்த்தோரைப் பற்றி நிற்கும், பூனையோ வீட்டையே பற்றி நிற்கும் என்று நம்மவர் பேசிக்கொள்வதுண்டு. அவ்வளவில் அமையாது, ஆதலாற் பூனை நன்றியற்றது என்று முடிபும் கூறிவிடுவர். முற்கூற்று ஒருவாறு உண்மை. பிற்கூற்று வெறும் பழியேயாம்.

பழி எழும் வகை இது. எலித்தொல்லை தாங்காத ஒருவர், அயலூரில் வளர்ந்த பூனையொன்றைக் கேட்டு வாங்குவார். வழி தெரியாதிருக்கவேண்டுமென்று சாக்கிற் கட்டிக் கொணர்ந்து, முற்றத்தில் அவிழ்த்துவிடுவார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு தூக்க முயல்வர். வீட்டு நாய் குரைக்கும். யாரோ ஒருவர் சிரட்டையிற் பால் வைப்பார். பூனை வேலிப்பொட்டினூடே பாய்ந்து மறையும். பால் வைத்தும் நில்லாமற் போயிற்றே என்பர். இருட்சாக்கினின்றும் வெளிப்பட்ட ஓருயிர்க்கு அப்பொழுது வேண்டுவது பாலா, ஒளிந்துகொள்ள ஒரு மூலையா என்று எண்ணுவாரில்லை.

பூனையின் ஊர் மணத்தால் அமைந்தது. கதவுநிலையிலும் கட்டிற்காலிலும் அது கன்னத்தை உராய்வது கொஞ்சுதல் மாத்திரமன்று. கன்னச் சுரப்பிகளின் மணத்தை அங்கே பூசி, தன் இடமென்று குறித்துக்கொள்ளுதலுமாம். நமக்குக் காணியுறுதி எப்படியோ, அதற்கு அம்மணம் அப்படி. புதுவீட்டில் அக்குறி ஒன்றேனும் இல்லை. ஆகவே குறியுள்ள இடத்தைத் தேடி அது மீளுகின்றது.

ஸ்கந்தபுரத்தில் இருந்துகொண்டு இதனை நன்றியின்மை என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. 1996 இல் கிளிநொச்சி நகரை விட்டு வந்தோர் இவ்வூரிலும் அக்கராயனிலும் கொட்டில் போட்டனர். 2008 இல் இவ்வூரார் தாமும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்து, பின்னர் வவுனியா முகாம்களினின்றும் விடப்பட்டோர், கூரையற்ற சுவரும் பற்றை மூடிய கிணறுமாய்க் கிடந்த தத்தம் வளவுகளையே நாடி வந்தனர். முகாமில் உணவு கொடுத்தார்களே, அங்கேயே இருந்தாலென்ன என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை.

நிற்க. குடிபெயர்க்கும் முறையறிந்து ஒருவர் செய்த செயலொன்றுண்டு. சின்சில்லா என்பது தென்னமெரிக்க அந்தீஸ் மலைகளில் வாழும் மென்மயிர்ச் சிறுவிலங்கு, அணிலைப்போலக் கொறித்துண்பது. மயிர்த்தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போயிற்று. சிலி நாட்டுச் சுரங்கமொன்றிற் பணியாற்றிய மதையஸ் சாப்மன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், அவற்றுட் பதினொன்றை 1923 இல் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்றார். குளிர்மலையினின்றும் ஒரே மூச்சில் இறக்கின் வெப்பத்தால் மடியுமென்று அறிந்து, பல மாதங்கள் தங்கித் தங்கியே கீழிறக்கினார். கப்பலிற் கூடுகளைப் பனிக்கட்டியாற் குளிர்வித்தார். வன்னி வெயிலுக்கு அவ்விலங்கு ஆகாது. அவருடைய பொறுமை ஆகும்.

பூனைக்கு அத்துணைப் பாடு வேண்டுவதில்லை. சாக்கை விடுத்து, காற்றுப் புகும் மூடிக்கூடையொன்றில், அது படுத்துறங்கிய பழந்துணியோடு கொண்டுவருக. அத்துணியைத் தோய்த்துவிடலாகாது, ஊரிலிருந்து அது கொண்டுவரும் உடைமை அஃதொன்றே. சிறிய அறையொன்றில் நீரும் உணவும் மணற்பெட்டியும் வைத்து, நுழைந்து பதுங்க ஒரு பெட்டியும் வைத்துக் கதவைச் சாத்திவிடுக. எவரும் தூக்கலாகாது. வீட்டிலுள்ள ஒருவர் மாத்திரம் நாடோறும் சற்றுநேரம் அங்கே இருந்து தம் வேலையைச் செய்தாற் போதும்; பூனை தானே அணுகும். மெல்லிய துணியால் அதன் கன்னத்தைத் தடவி, அத்துணியைக் கதவுநிலையில் தேய்ப்பதும் நன்று. முதனாள் உண்ணாதிருப்பது இயல்பு. இரண்டு நாளுக்கு மேலும் உண்ணாவிடின் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இவ்வாறு மூன்று கிழமை செல்லட்டும். அதன்பின், உணவு வைக்குமுன், அது பசித்திருக்கும் மாலைப்பொழுதில், நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறக்கலாம்.