பூக்காத செடியின் மணமும் நாம் பேண வேண்டிய அமானிதமும்



படைப்பினங்களைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருக்குர்ஆன் நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. ஆனால் நம் உரைகளில் வேறொரு வழக்கம் ஊடுருவியுள்ளது. எப்படைப்பைப் பற்றிப் பேசினாலும், அதனால் மனிதனுக்கு இன்ன பயன் என்று உடனே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பயன் தெரியாதபோது கற்பித்தும் விடுகிறோம். இது முறைதானா என்பதைப் பெரணிச் செடியை முன்வைத்துச் சிந்திப்போம்.

பெரணிக்குப் பூ இல்லை. கனியும் விதையும் இல்லை. இலையின் அடிப்புறத்தில் தோன்றும் ஸ்போர்கள் எனும் நுண்தூளைக் காற்று சுமந்து செல்ல, அதன் இனம் பெருகுகிறது. மல்லிகை மணப்பது, மகரந்தம் சுமக்கும் பூச்சிகளை அழைப்பதற்காக. அவ்வாறு அழைக்க எவருமில்லாத பெரணிகளிலும் மணமுள்ளவை உண்டு என்பதே வியப்பு. வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளரும் ஒரு பெரணியின் இலையைக் கசக்கினால் காய்ந்த புல்லின் மணம் வீசும். அதன் பெயரே அம்மணத்தால் அமைந்தது. ஹவாய்த் தீவு மக்கள் வேறொரு பெரணியைத் தம் மரப்பட்டைத் துணிகளுக்கு நறுமணமூட்டப் பயன்படுத்தினர். காளானுக்கு மணம் தரும் சேர்மம் பல பெரணிகளிலும் காணப்படுகிறது.

இம்மணங்கள் எதற்காக? அறிஞர்கள் சில காரணங்களை முன்வைக்கின்றனர். இலை தின்னும் உயிர்களை விலக்குவதற்காக இருக்கலாம். பூஞ்சைகளையும் கிருமிகளையும் தடுப்பதற்காக இருக்கலாம். சில பெரணிகள் வெளியிடும் ஐசோப்ரீன் எனும் வாயு, கடும் வெப்பத்திலிருந்து இலையைக் காக்கலாம். மேற்சொன்ன புல்மணப் பெரணியை மான்கள் விரும்பித் தின்பதில்லை. எனவே மான்கள் மிகுந்த பென்சில்வேனியக் காடுகளில் அது தரையை மூடிப் படர்கிறது. ஆனால் மான்கள் விலகுவதற்கு மணமே காரணம் என்று அதைக் கொண்டு மட்டும் தீர்ப்பளித்துவிட முடியாது.

2012இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பிராக்கன் எனும் பெரணியைக் கொண்டு செய்த சோதனை இங்கு நினைவுகூரத் தக்கது. மக்காச்சோளத்தைப் புழு தின்றால் அச்செடி ஒரு மணத்தை வெளியிட்டு, புழுவின் எதிரியான குளவியை ஈர்க்கும். பெரணியும் அவ்வாறு செய்கிறதா என்று அறிய, இலை தின்னும் இருவகைப் புழுக்களை அதன்மேல் விட்டனர். வெளிப்பட்ட மணமோ மிகச் சொற்பம். ஆனால் தாவரங்களின் தற்காப்பைத் தூண்டும் ஜாஸ்மோனிக் அமிலத்தைச் செலுத்தியபோது, மணச் சேர்மங்கள் பல வெளிப்பட்டன. அதாவது, மணம் எழுப்பும் ஆற்றல் அதனிடம் உண்டு. புழு தின்னும்போது அது பெரிதாக வெளிப்படவில்லை. ஆய்வாளர்கள் கண்டதைக் கண்டபடியே எழுதினர். இதுவும் ஓர் அமானிதமே.

இறைவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்பது நமது ஈமான். ஆனால் "வீணல்ல" என்பதற்கு "எனக்குப் பயன்படும்" என்று பொருளல்ல. மனிதக் கண் படாத காட்டில் மணக்கும் பெரணியும் தன் இறைவனுக்குக் கட்டுப்பட்டே மணக்கிறது. இதே பிராக்கன் பெரணியில் புற்றுநோயை விளைவிக்கும் நச்சு உண்டு. இயற்கையானது எல்லாம் மருந்தே என்று ஆதாரமின்றிப் பரப்பும் செய்திகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு இது ஒன்றே போதும்.

நம் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பயின்று, மாலையில் மக்தபுக்கு வருகின்றனர். மார்க்கத்தின் பெயரால் நாம் சொல்லும் அறிவியல் பொய்யென நாளை அவர்கள் அறிந்தால், ஐயம் அந்த ஒரு செய்தியோடு நிற்காது. நாம் கற்பித்த மார்க்கத்தின் மீதும் படரும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்கு, தமக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள். அத்தகைய பெருமக்களின் வழிவந்த நமக்கு, "அல்லாஹு அஃலம்" என்று சொல்வதில் என்ன இழிவு? அதைச் சொன்ன பின் பிள்ளையின் கையில் ஓர் இலையைக் கொடுத்து, முகர்ந்து பார், தேடிப் பார் என்று ஊக்குவிப்போம்.

அறிந்ததை உண்மையாகச் சொல்லவும், அறியாததில் அடக்கம் பேணவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.