கார்ட்டூனும் காதோரக் குரலும்

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்த விஷயம் மக்களே. ஒரு கார்ட்டூன் வந்தா கொதிக்கிறோம், கேஸ் போடுறாங்க, சைட்டை முடக்குறாங்க. ஆனா ஒருத்தர் மைக் வச்சுக்கிட்டு மணிக்கணக்கா காதுக்குள்ள பேசினா, "ஆஹா, என்ன ஒரு அலசல்!"னு தலையாட்டுறோம். எனக்கென்னமோ நாம பயப்படுற வரிசை தலைகீழா இருக்குன்னு தோணுது.

2025 பிப்ரவரியில, முறையான ஆவணம் இல்லாத இந்தியர்களை அமெரிக்கா விலங்கு மாட்டி ராணுவ விமானத்துல திருப்பி அனுப்பினது ஞாபகம் இருக்கும். ட்ரம்ப் பக்கத்துல பிரதமர் மோடி விலங்கோட உட்கார்ந்திருக்கிற மாதிரி விகடன் ப்ளஸ் இணைய இதழ் அட்டையில ஒரு கார்ட்டூன் வந்துச்சு. பிப்ரவரி 15 சாயங்காலம் பார்த்தா விகடன் சைட்டே பல பேருக்குத் திறக்கல. படத்தைத் தற்காலிகமா எடுத்துட்டா தடையை நீக்கணும்னு மார்ச் 6 அன்னைக்கு உயர்நீதிமன்றம் சொல்லுச்சு. 1987-ல இதே விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக சட்டமன்றம் மூணு மாச ஜெயில் தண்டனை கொடுத்தது (எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே விட்டுட்டாங்க). ஆக, பழகின கதைதான்.

சரி, அந்தப் படம் பண்ணின தந்திரம்தான் என்ன? பயணிங்க மேல இருந்த விலங்கைக் கழட்டி பிரதமருக்கு மாட்டிச்சு. அவ்ளோதான். மிகைன்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். பிடிக்காதவர் அடுத்த நொடியே "இது அநியாயம்"னு சொல்லலாம், சொன்னாங்களே. நம்ம பாஷையில சொன்னா அது ஓப்பன் சோர்ஸ். கோட் முழுக்க கண் முன்னாடி இருக்கு.

இன்னொண்ணு, கார்ட்டூனால புதுசா எதையும் நம்ப வைக்கிறது கஷ்டம். விஷயம் தெரிஞ்சவனுக்குத்தான் அது வேலை செய்யும். நியூயார்க் ஊழல் பெருச்சாளி ட்வீட், ஜெயில்ல இருந்து தப்பிச்சு ஸ்பெயினுக்கு ஓடினப்போ, 1876-ல அவரை அடையாளம் காட்டினது தாமஸ் நாஸ்ட் வரைஞ்ச கார்ட்டூன். படத்துல ட்வீட் ரெண்டு பசங்களைப் பிடிச்சிருப்பார். அதைப் பார்த்து, இவர் புள்ளை பிடிக்கிறவர்னு ஸ்பெயின்காரங்க நினைச்சாங்கன்னு ஒரு கதை உண்டு! முகம் கரெக்ட், மேட்டர் அவுட் :)

பாட்காஸ்ட் அப்படி இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2018-ல வெளியிட்ட 'கேலிஃபேட்' தொடரை எடுத்துக்கோங்க. ஐ.எஸ். இயக்கத்துல சேர்ந்து கொலை பண்ணினதா கனடாக்காரர் ஒருத்தர் சொல்றார். பின்னணியில இசை, நடுநடுவுல மௌனம். கேட்கிறவனுக்கு சிரியா பத்தி ஒண்ணுமே தெரிய வேண்டாம், குரலே எல்லாத்தையும் கட்டி எழுப்பிடும். நடுவுல ஒரு அத்தியாயம் முழுக்க, இவர் சொல்ற தேதிகள் இடிக்குதேன்னு அவங்களே தோண்டுவாங்க. என்னைக் கேட்டா, தொடர்லயே பலமான தந்திரம் அதுதான் (வேணும்னே பண்ணினாங்கன்னு சொல்லல). இவ்வளவு சந்தேகப்படுறவங்க ஏமாற மாட்டாங்கன்னு நாம அசந்துடுறோம். நமக்குப் பதிலா அவங்களே சந்தேகப்பட்டு முடிச்சாச்சு, அப்புறம் நமக்கென்ன வேலை? 2020 செப்டம்பர்ல அந்த ஆள் மேல கனடா போலீஸ் பொய்த் தகவல் கேஸ் போட்டுச்சு. டிசம்பர்ல பத்திரிகை தப்பை ஒத்துக்கிட்டு பீபடி விருதையும் திருப்பிக் கொடுத்தது. கேஸ் வாபஸான 2021-ல, கதை கட்டினேன்னு அவரும் ஒத்துக்கிட்டார்.

அதுவரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு மேல அது எத்தனை காதுக்குள்ள உண்மையா ஓடியிருக்கும்? கார்ட்டூனுக்கு அந்த வசதி ஒரு நாள் கூடக் கிடைக்கிறதில்ல.

இதுல சட்டம் போட்டு பாட்காஸ்ட்டை அடக்கணும்னு நான் கேட்கல, அய்யய்யோ, அந்த விளையாட்டே வேண்டாம். கார்ட்டூனைப் பார்த்ததும் "இவன் எந்தப் பக்கம்?"னு கேட்கிறோம் இல்லையா, அந்தக் கேள்வியை ஹெட்போன் மாட்டும்போதும் கேட்டா என்ன? சிரிப்பு எந்த இடத்துல வருது, இசை எப்ப நிக்குது, யாரோட பேட்டி பாதியில வெட்டப்பட்டிருக்கு, அரசியல் பேசின அதே குரல் எந்த நிமிஷத்துல மெத்தை விக்க ஆரம்பிக்குதுன்னு கவனிச்சுப் பாருங்க.

டிஸ்கி: நானும் ஆபீஸ் பஸ்ல தினமும் ரெண்டு மணி நேரம் பாட்காஸ்ட் கேட்கிற ஆளுதான். ஒன்றரை மடங்கு வேகத்துல. அந்த வேகத்துல மௌனம் எல்லாம் சுருங்கிடுறதால, உருக்கமான இடங்கள் பாதி காமெடியா கேட்குது.