கேமராவுக்கு முன் அப்டேட்

25,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கலாமா என்று யோசிப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது கேமராவை அல்ல, செக்யூரிட்டி அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பதை. பின்பக்கம் மூன்று கேமரா தெரியும்; அதில் ஒன்று பல மாடல்களில் பேருக்கு ஒட்டவைத்த 2 மெகாபிக்சல் மேக்ரோ. யுபிஐயும் வங்கிக் கணக்கும் இருக்கிற கருவிக்கு அப்டேட் நின்றுபோவதுதான் உண்மையான ஆபத்து. 2025இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ26-க்கு 6 ஆண்டு உறுதி தரப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய அதே விலையில் மூன்று, நான்கு ஆண்டோடு கைகழுவும் போன்களும் கடையில் இருக்கின்றன. அத்தனை காலம் பேட்டரி தாங்குமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். நின்றுபோன அப்டேட்டை எந்தக் கடைக்காரரும் போட்டுத்தர முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், விற்பனை முடிந்த பிறகும் 5 ஆண்டு அப்டேட் தரவேண்டும் என்று விதித்திருக்கிறது. இந்தியாவுக்கும் அப்படியொரு விதி வேண்டும். பழைய போனுக்கு இன்னும் அப்டேட் வருகிறதென்றால், புதிது வாங்காமல் பேட்டரியை மட்டும் மாற்றி ஓட்டலாம் என்பதே என் கட்சி.