மஞ்சள் குழாய் யாருக்கு?

எனக்கு நீந்தக்கூடத் தெரியாது. கடற்கரைச் சாலையில் காலை நடை போவதோடு சரி. அப்படிப்பட்டவன் ஸ்கூபா முக்குளிப்பைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும். கடலுக்குள் போவது என் பேரன்.

போன மாதம் தண்ணீருக்கடியில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினான். இடுப்புக்குப் பின்னால் ஒரு மஞ்சள் குழாய் வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "அது ஏன்டா அங்கே?" என்றேன். "எதை எங்க மாட்டறதுங்கிறது அவங்கவங்க வசதி, தாத்தா" என்றான். இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான்.

அவனுடைய பயிற்சிப் புத்தகத்தை நானே எடுத்துப் படித்தேன். முக்குளிப்பவரிடம் வாயில் கடிக்கும் கருவி இரண்டு இருக்கும். ஒன்று அவருக்கு. மற்றதன் பெயர் ஆக்டோபஸ். காற்றுத் தீர்ந்துபோன கூட்டாளிக்குக் கொடுப்பதற்காகவே அது இருக்கிறது. பளிச்சென்று தெரியட்டும் என்றுதான் மஞ்சள் நிறம். மோவாய்க்கும் இரண்டு பக்கக் கடைசி விலா எலும்புகளுக்கும் இடையே ஒரு முக்கோணம் போட்டால், அதற்குள் அது இருக்க வேண்டும். ஓர் இழுப்பில் கையோடு வர வேண்டும். மூச்சுக்குத் தவிப்பவன் தேடிக்கொண்டிருக்க மாட்டான். பின்னால் தொங்கினால் அவன் கண்ணில் படாது. பைக்குள் செருகினால் அவசரத்தில் வராது. தரையில் இழுபட்டால் மணல் ஏறும். 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு காற்றுச் செலவாகிறது. அங்கே தேட நேரம் ஏது?

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பதிவேட்டுப் பிரிவில் இருந்தபோது, ஒரு குடும்ப ஓய்வூதியக் கோப்பை என் வசதிக்காக என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு மூன்று நாள் விடுப்பில் போனேன். கணவனை இழந்த அந்த அம்மாள் மூன்று நாளும் வந்து வெறுங்கையோடு திரும்பினார். கோப்பு எங்கே என்று எனக்குத் தெரியும், தேடியவருக்குத் தெரியவில்லை. தவறு முழுக்க என்னுடையது. அலுவலகத்திலாவது நான்காம் நாள் என்று ஒன்று இருந்தது.

எல்லாரும் ஒரே இடத்திலா மாட்டுகிறார்கள் என்று பேரன் மடக்கினான். நியாயமான கேள்விதான். நீர்க்குகைகளில் முக்குளிப்பவர்கள் தங்கள் வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுக்கிறார்கள். அதற்குக் குழாய் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். தங்களுக்கான மாற்றைக் கழுத்தில் ரப்பர் வளையத்தில் கோத்து மோவாய்க்குக் கீழே வைத்திருக்கிறார்கள். தவிப்பவன் எதிராளியின் வாயில் இருப்பதைத்தான் பிடுங்குவான் என்பது அவர்கள் வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் இடம் முன்கூட்டியே முடிவானது, இருவருக்கும் தெரிந்தது.

மற்றவையும் அப்படித்தான். ஈய எடை பெல்ட் எல்லா வார்களுக்கும் மேலே இருக்க வேண்டும். வலது கையால் கொக்கியைத் திறந்தால் தடையில்லாமல் விழ வேண்டும். வேறொரு வாருக்கு உள்ளே மாட்டினால் திறந்தும் விழாமல் தொங்கும். சினிமா நாயகன் மாதிரி கெண்டைக்காலில் பெரிய கத்தி எதற்கு? அறுந்து கிடக்கும் மீன்வலை முதலில் சிக்குவது அந்த உறையில்தான். கால் சிக்கினால் கை எட்டாது. இரண்டு கையும் எட்டுகிற இடுப்பிலோ மார்பிலோ சிறிய கத்தி போதும்.

பள்ளியில் எங்களுக்குக் கூஸ்தோவின் 'லெ மோந்த் து சிலான்ஸ்' படம் போட்டார்கள். 1956இல் கான் விழாவில் முதல் பரிசு பெற்ற படம். அந்தக் காலத்தில் இரண்டாவது வாய்க்கருவி கிடையாது. ஒன்றையே இருவர் மாற்றி மாற்றிக் கடித்து மூச்சு விட்டார்கள். சேமிப்புக் காற்றைத் திறக்க முதுகுச் சிலிண்டரோடு ஒரு கம்பி வைத்தார்கள். அது எதிலாவது இடித்து முன்பே இறங்கிவிட்டால், தேவைப்படும்போது சேமிப்பு இருக்காது. இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்களை "வசதி" என்று ஒரே சொல்லில் தள்ளுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சென்ற ஞாயிறு கூடத்தில் அவனை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அவன் மார்பை நோக்கிக் கையை நீட்டினேன். கையில் ஒன்றும் அகப்படவில்லை. அவன் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு கிளிப் வாங்கிவந்து, மஞ்சள் குழாயை மார்பில் மாட்டினான்.

உங்கள் வீட்டிலும் கடலுக்குள் போகும் பிள்ளைகள் இருந்தால், இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பேரனிடமும் காட்டுகிறேன்.