சங்குக்கும் ஊர்ப்பெயர் வேண்டும்

நைனார்பாளையம் போன்ற உள்நாட்டு ஊர்களிலும் சங்குக்கு வேலை உண்டு. கோயிலில் ஊதுகிறார்கள், இழவு வீட்டில் ஊதுகிறார்கள். அது எந்தக் கரையில் எடுத்த சங்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் முத்து, சங்குக் குளிப்பைக் கவனித்துவந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914-இல் சங்குக்கென்றே ஒரு நூல் எழுதினார். கரைக்குக் கரை சங்கின் வடிவம் மாறுவதை அதில் பதிவு செய்தார். சென்னைக் கடற்கரையில் ஒதுங்கிய சிப்பிகளையும் சங்குகளையும் எஃப்.எச். கிரேவ்லி 1940-களின் தொடக்கத்தில் பட்டியலிட்டார். பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கடல்நத்தைகளை எஸ்.டி. சத்தியமூர்த்தி 1952-இல் விவரித்தார். கிரேவ்லி, சத்தியமூர்த்தி இருவரின் பணியையும் வெளியிட்டது சென்னை அரசு அருங்காட்சியகம்.

இந்த உழைப்பு இன்று தொடர வேண்டிய இடம் மீன் ஏலக்கூடம்.

புறாமுட்டை என்று மீனவர்கள் சொல்லும் சங்கைப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் கொண்ட, கைக்கு அடக்கமான இந்தச் சங்கின் சதை ஏற்றுமதியாகிறது. வாயை அடைக்கும் மூடி நறுமணத் தொழிலுக்குப் போகிறது. பாபிலோனியா என்னும் இந்தப் பேரினத்தில் நம் கடலில் ஸ்பைராட்டா, சைலானிக்கா என இரண்டு இனங்கள் உண்டு. ஸ்பைராட்டாவின் சுருள்களுக்கு இடையே ஆழமான பள்ளம் ஓடும். சற்று உற்றுப் பார்த்தால் போதும், பிரித்துவிடலாம். பிரிக்காமல் ஒரே கூடையில் கொட்டி எடை போட்டால், ஒன்று குறைந்து மற்றது கூடினாலும் கணக்கில் தெரியாது.

தெரியாமல் போவதன் விலை பெரியது. பிரிட்டனின் பாறைக் கரைகளில் நூசெல்லா என்ற சிறு சங்கு 1980-களில் பல இடங்களில் அற்றுப்போனது. படகின் அடியில் பூசிய, டிபிடி என்னும் வேதிப்பொருள் கலந்த சாயம் பெண் சங்குகளில் ஆண் உறுப்பை வளர்த்து, முட்டையிடும் வழியை அடைத்துவிட்டது. இந்தச் சங்கின் குஞ்சு நீந்தாது, ஊர்ந்தே போகும். ஒரு பாறையில் அற்றுப்போனால் எளிதில் திரும்பாது. எந்தக் கரையில் முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று ஒப்பிட முடிந்ததும் பழி சாயத்தின் மேல் விழ உதவியது. பிரிட்டன் 1987-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகளாவிய தடை 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

இடத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் நம் பக்கத்துக்கும் புதிதல்ல. நைனார்பாளையத்துக்குக் கிழக்கே, விருத்தாசலம் பக்கம், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. தென்னிந்தியப் பாறைகளில் புதைந்த நத்தைகளை 1860-களில் ஆராய்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, அவை கிடைத்த ஊர்களையும் குறித்துவைத்தார். கல்லாகிப்போன நத்தைக்கு ஊர்ப்பெயர் இருக்கிறது. இன்று காலை கரையேறிய சங்குக்கும் அது இருக்க வேண்டும்.

மீன்வளத் துறை பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. முடசலோடை, பழையாறு, தரங்கம்பாடி போன்ற இறங்குதளங்களின் பதிவேட்டில் சங்குக்கு நான்கு கட்டங்கள் போதும்: இனம், பிடித்த இடம், ஆழம், தேதி. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. இனம் பிரிக்கும் பயிற்சியை அங்கேயே தொடங்கலாம்.